பழகிப்போன பூஜ்யம்

டெல்சி சொன்னது பொய் என்று நிரூபிப்பதற்காகத்தான் சங்கரேஸ்வரி கோயம்புத்தூரிலிருந்து தூத்துக்குடிக்கு வந்தாள். வியாழக்கிழமை தொழிலாளர் தீர்ப்பாயத்தில் விசாரணை. இரண்டு நாள் முன்னதாகவே வந்து இறால் ஆலையிலிருக்கும் நாற்பது சென்சார்களையும் சோதித்துவிட வேண்டும், கருவியில் கோளாறு இல்லை என்று தீர்ப்பாயத்தில் சொல்லிவிட்டு அன்று மாலை ரயிலிலேயே திரும்பிவிட வேண்டும் என்பது அவளுடைய திட்டம்.

அந்தச் சென்சாரை வடிவமைத்தவளே அவள்தான். முன்பெல்லாம் காற்றில் என்ன வாயு கலந்திருக்கிறது என்று அகச்சிவப்பு ஒளியை வைத்துக் கண்டுபிடிக்கிற கருவி சாப்பாட்டுத் தூக்குவாளி அளவுக்கு இருக்கும். பெரிய எண்ணெய் ஆலைகள் மட்டுமே அதை வாங்க முடியும். சங்கரேஸ்வரி ஒன்பது வருஷம் உழைத்து அதைச் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருக்கினாள். விலையை ஓட்டலில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகிற செலவுக்குக் கொண்டுவந்தாள். சாக்கடைக் குழிகளிலும் ஐஸ் ஆலைகளிலும் பள்ளிக்கூடச் சமையலறைகளிலுமாக மாநிலம் முழுவதும் பதினோரு லட்சம் பொத்தான்கள் ஒட்டப்பட்டன. நான்கு வருஷமாக ஒருவர்கூடக் குழிக்குள் இறங்கி மூச்சுமுட்டிச் சாகவில்லை. அதை நினைக்கும்போது அவளுக்கு உள்ளூர ஒரு நிறைவு உண்டு.

அந்த நம்பிக்கையில்தான் காற்றுச் சாட்சியச் சட்டம் வந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு நூற்பாலையில் யாரோ “கேஸ், கேஸ்” என்று கத்தப்போய், எல்லோரும் ஒரே படிக்கட்டில் முண்டியடித்து இறங்கியதில் பதினோரு பெண்கள் நசுங்கிச் செத்தார்கள். பிறகு பார்த்தால் அங்கே வாயுவே இல்லை. அதற்குப் பிறகு மூக்கை நம்புவதில்லை என்று முடிவாயிற்று. சென்சார் அலாரம் அடித்தால் ஒரு நிமிஷம்கூடத் தொழிலாளியை உள்ளே நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் முதலாளிக்கு ஜெயில். அலாரம் அடிக்காமல் நாற்றம் வருகிறது என்று சொல்லி வேலையை நிறுத்தினால் அது வதந்தி. வேலை போகும், பெயர் ஒரு பதிவேட்டில் ஏறும், அப்புறம் எந்த ஆலையும் சேர்க்காது. தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் சேர்ந்து வரவேற்ற அபூர்வமான சட்டம் அது.

டெல்சி அந்தச் சட்டத்தில்தான் மாட்டியிருந்தாள். நாலு மாதப் பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்கு வந்தவள், முதல் நாள் ஒரு மணி நேரத்துக்குள் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, அமோனியா கசிகிறது, எல்லோரும் வெளியே வாருங்கள் என்று கூடத்தின் நடுவில் நின்று சத்தம் போட்டிருக்கிறாள். நூற்று நாற்பது பேரில் ஒருத்திகூட வரவில்லை. யாருக்கும் எந்த வாசமும் தெரியவில்லை. அன்றைய தேதியில் நாற்பது சென்சார்களும் காட்டியது பூஜ்யம்.

ஆலை மேலாளர் ஜோதிராஜன் வாசலிலேயே வந்து சங்கரேஸ்வரியை அழைத்துப் போனார். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த மனிதர், பேச்சுக்கு நடுவே அடிக்கடி இருமினார். வெள்ளை அங்கியும் தொப்பியும் முகமூடியும் மாட்டிக்கொண்டு குளோரின் தண்ணீரில் காலை நனைத்துவிட்டு உள்ளே போனார்கள். நீளமான எஃகு மேசைகளின் இரு பக்கமும் பெண்கள் நின்றபடி இறால் தலை கிள்ளிக்கொண்டிருந்தார்கள். கூடத்தின் கோடியில் உறைவறையின் கனத்த கதவு. அதற்குப் பின்னால்தான் அமோனியா குழாய்கள். மூன்று ஷிப்ட், ஒரு நாளும் நிற்காத ஓட்டம்.

கதவைத் தாண்டி முதல் அடி வைத்தபோது சங்கரேஸ்வரியின் மூக்கில் ஏதோ சுரீரென்று ஏறியது. கண்ணோரம் ஈரமானது. அவள் நின்றாள். சுவரிலிருந்த திரையைப் பார்த்தாள். நாற்பது கட்டங்கள், நாற்பதிலும் பூஜ்யம். மீனும் குளோரினும் கலந்த நெடி இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தாள். பத்து நிமிஷத்தில் அது மறைந்துவிட்டது.

ஒவ்வொரு சென்சாரின் முகத்திலும் சிறு குப்பியிலிருந்து சோதனை வாயுவைப் பீய்ச்சினாள். நாற்பதும் நொடியில் துள்ளி எழுந்து சரியான அளவைக் காட்டிவிட்டு மறுபடி பூஜ்யத்தில் உட்கார்ந்தன. எல்லாம் தேர்ச்சி. ஜோதிராஜனுக்கு முகம் தெளிந்தது. அந்தப் பொண்ணு மேல தனக்குக் கோபமெல்லாம் கிடையாது, பிள்ளை பெற்ற உடம்பு, ஏதோ தோன்றியிருக்கும், ஆனால் இன்றைக்கு விட்டால் நாளைக்கு ஆளாளுக்குக் கிளம்புவார்கள் என்று வருத்தத்தோடு சொன்னார்.

சங்கரேஸ்வரி வெளியே வந்தபோது ஆலைக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் ஒரு பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். எழுந்து நேரே வந்தாள். முப்பதுக்கு மேல் இருக்காது. தன் பெயர் டெல்சி என்றும், கண்ணு செய்கிற மேடம் வருகிறார்கள் என்று உள்ளே வேலை பார்க்கிறவர்கள் சொன்னதால் காத்திருந்ததாகவும் சொன்னாள். சென்சாரை அங்கே எல்லோரும் கண்ணு என்றுதான் சொன்னார்கள்.

வழக்கு நடக்கும்போது எதிர்த்தரப்போடு பேசக் கூடாது என்று சங்கரேஸ்வரிக்குத் தெரியும். ஆனாலும் வெயிலில் குழந்தையோடு நின்றவளை ஒதுக்கிவிட்டுப் போக முடியவில்லை.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும் மேடம்,” என்றாள் டெல்சி. “நீங்க உள்ள போனீயள்லா. போனதும் மூக்குல ஏறலையா?”

“ரீடிங் எல்லாம் பூஜ்யம்தாம்மா.”

“நான் ரீடிங்கைக் கேக்கல.”

சங்கரேஸ்வரி இரண்டு டீ சொன்னாள். டெல்சி வற்புறுத்தவில்லை. தன்னோடு ஆறு வருஷம் ஒரே மேசையில் நின்றவர்கள்கூட அன்றைக்குத் தன்னைப் பைத்தியம் பிடித்தவளைப் பார்க்கிற மாதிரி பார்த்ததைச் சொன்னாள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு நிஜமாகவே தெரியவில்லை என்றாள். பிறகு, அந்தக் கண்ணு எப்படித்தான் பார்க்கிறது என்று கேட்டாள். சண்டைக்காகக் கேட்டதாகத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

சொல்வதில் தப்பில்லை என்று சங்கரேஸ்வரிக்குத் தோன்றியது. “உள்ள ஒரு குட்டி விளக்கு இருக்கு. நம்ம கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். அமோனியா அதுல ஒரு நிறத்தை மட்டும் குடிச்சிரும். அந்தப் பக்கம் எவ்வளவு வெளிச்சம் வந்து சேருதுன்னு கண்ணு பாக்குது. குறைஞ்சா, நடுவுல வாயு இருக்குன்னு அர்த்தம்.”

“விளக்கு பழசாகி மங்கிப்போனா?”

சங்கரேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். பொறியியல் மாணவர்கள்கூட இரண்டாம் வகுப்பில்தான் அதைக் கேட்பார்கள். “அதுக்குத்தான் பழைய கருவியில ரெண்டாவது கண்ணு ஒண்ணு இருக்கும். எந்த வாயுவும் குடிக்காத நிறத்தை அது பாக்கும். ரெண்டும் சேர்ந்து குறைஞ்சா விளக்குதான் மங்குதுன்னு தெரிஞ்சிரும். அந்த ரெண்டாவது கண்ணுதான் விலையில பாதி. அதை எடுத்துட்டோம். அதுக்குப் பதிலா, வாரத்துல காத்து ரொம்ப சுத்தமா இருக்குற நேரம் எதுவோ அதைப் பூஜ்யம்னு வச்சுக்கோன்னு கருவிக்குச் சொல்லிக் குடுத்திருக்கோம். விளக்கு மங்க மங்க பூஜ்யமும் கூடவே நகர்ந்துக்கும்.”

டெல்சி குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“சுத்தமான நேரமே இல்லேன்னா?”

சங்கரேஸ்வரி டீ கிளாஸைக் கீழே வைத்தாள். அதற்கு ஒரு வரம்பு உண்டு என்று சொல்ல வாயெடுத்தாள். பிறந்தபோது இருந்த பூஜ்யத்திலிருந்து ஐந்து புள்ளிக்கு மேல் நகரக் கூடாது என்று அவளே எழுதிய வரம்பு. சொல்லவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் மழைக்காலத்தில் பொய் அலாரங்கள் அதிகமானபோது, வாடிக்கையாளர்கள் திட்டுகிறார்கள் என்று அந்த வரம்பை நீக்கிவிட்டார்கள். நீக்கலாம் என்று கையெழுத்துப் போட்டது அவள்தான்.

அன்றிரவு அவள் சரியாகத் தூங்கவில்லை. காலையில் முதல் வேலையாக ஆலைக்குப் போய், ஆய்வகச் சோதனை என்று சொல்லிப் பதினேழாம் எண் சென்சாரைக் கழற்றிக்கொண்டாள். ஆட்டோவில் ஏறி ரோச் பூங்காவுக்குப் பக்கத்தில் கடற்கரைக்குப் போனாள். கொண்டல் காற்று கடலிலிருந்து நேராக அடித்தது. பாறைமேல் உட்கார்ந்து சென்சாரை உள்ளங்கையில் வைத்து, அதன் உள் கணக்கைப் படிக்கிற கருவியை இணைத்தாள்.

விளக்கு கொஞ்சம்தான் மங்கியிருந்தது. ஆனால் கடல் காற்றில் அரை மணி நேரம் இருந்தபிறகு கண்ணுக்கு வந்து சேர்ந்த வெளிச்சம், ஆலைக்குள் இருந்ததைவிட எவ்வளவோ அதிகம். சுத்தமான காற்றை அந்தக் கருவி ஏழு மாதமாகப் பார்த்ததே இல்லை. சிறுகச் சிறுகக் கூடிய கசிவை வாராவாரம் பூஜ்யம் என்று ஏற்றுக்கொண்டே வந்திருக்கிறது. நேற்றுச் சோதனை வாயுவுக்குத் துள்ளியதும் அந்தப் பூஜ்யத்திலிருந்துதான். வித்தியாசத்தைக் கணக்குப் போட்டாள். அறுபத்தெட்டு. காற்றின் பத்து லட்சம் பங்கில் சட்டம் அனுமதிப்பது இருபத்தைந்து.

அவள் இரண்டாம் முறை கணக்குப் போட்டாள். மூன்றாம் முறையும் போட்டாள். பிறகு கடல் காற்றையே பூஜ்யம் என்று அந்த ஒரு சென்சாருக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஆலைக்குத் திரும்பினாள்.

மதியம் பன்னிரண்டு இருக்கும். கூடத்துக்குள் போனதும் கையிலிருந்த பொத்தான் எழுபத்தொன்று என்றது. சுவரிலிருந்த திரையில் பதினேழாம் கட்டம் ஒரு கணம் சிவந்தது. உடனே சாம்பல் நிறமாகிக் கீழே ஓர் எழுத்து வரி ஓடியது: “எண் 17 பழுது. கணக்கில் சேர்க்கப்படவில்லை.” நாற்பதில் ஒன்று மட்டும் வேறு சொன்னால் அதைப் பழுதென்று ஒதுக்க வேண்டும் என்பதும் அவள் எழுதிய விதிதான்.

ஜோதிராஜனைத் தனியே அழைத்து விஷயத்தைச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. நம்பவுமில்லை. திரையைக் காட்டினார்.

“முப்பத்தொம்பது கண்ணு இல்லேங்குது. நீங்க கையில வச்சிருக்கது ஒண்ணு மட்டும் இருக்குங்குது. நேத்து எல்லாம் சரின்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?”

“நேத்து நான் சொன்னது தப்பு.”

“நான் பதினோரு வருஷமா இங்கதான் மூச்சு விடுதேன்,” என்றார் அவர். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்தது. அவள் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவரும் இருமல் ஓய்ந்தபின் அவள் பார்வையைக் கவனித்தார்.

சங்கரேஸ்வரி நிறுவனத் தலைவர் தீனதயாளனுக்குப் போன் செய்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பதினாறு வருஷமாகத் தெரிந்த மனிதர், கெட்டவர் இல்லை. அடுத்த வாரம் எல்லா சென்சார்களுக்கும் மென்பொருள் புதுப்பிப்பு போகப்போகிறது, அதில் அந்த வரம்பைச் சத்தமில்லாமல் திரும்பச் சேர்த்துவிடலாம், நீங்கள் உடனே கிளம்பி வந்துவிடுங்கள், விசாரணைக்கு வேறு ஆளை அனுப்புகிறேன் என்றார்.

“அந்த ஒரு வாரம் இவங்க என்ன செய்யறது சார்?”

“ஏழு மாசமா ஒண்ணும் ஆகலைங்களே ஈஸ்வரி.”

பேசிக்கொண்டே அவள் கூடத்தின் கோடிக்கு நடந்திருந்தாள். கையிலிருந்த பொத்தானைத் தற்செயலாகத்தான் பார்த்தாள். நூற்றுப் பத்து. இன்னும் நான்கு அடி வைத்தாள். நூற்று அறுபது. உறைவறைக் கதவின் கீழ் இடுக்கருகே குனிந்தபோது இருநூற்று நாற்பது. அப்படியே நின்றாள். எண் அவள் நகராமலே ஏறிக்கொண்டிருந்தது. இருநூற்று ஐம்பது. இருநூற்று அறுபது.

சுவரிலிருந்த திரையில் கதவருகே உள்ள மூன்று கட்டங்கள் மட்டும், தரையோடு வந்த புதுக் கசிவு சுவரின் உயரத்துக்கு இன்னும் எட்டாததால், இரண்டு, மூன்று என்று லேசாக அசைந்து, பிறகு அலாரத்துக்குக் கீழான மஞ்சளாகி நின்றன. கசிவு நேற்றுவரை இருந்ததைவிட வேகமாகியிருந்தது. உள்ளே ஏதோ விட்டுப்போய்க்கொண்டிருந்தது. போனை வைத்துவிட்டாள்.

பக்கத்து மேசையிலிருந்த பெண்களிடம் போய் எல்லோரும் வெளியே போங்கள் என்றாள். அவர்கள் கையை நிறுத்தாமல் அவளைப் பார்த்தார்கள். பார்வை அவளைத் தாண்டி மேலே அலாரம் விளக்குக்குப் போயிற்று. அது எரியவில்லை. ஒருத்தி தயங்கி, “அடிக்கலையே மேடம்,” என்றாள். இன்னொருத்தி கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே இறால் கிள்ளினாள். டெல்சிக்கு என்ன ஆயிற்று என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

செய்வதற்கு ஒன்றுதான் இருந்தது. கூடத்திலுள்ள எல்லா சென்சார்களையும் அவை பிறந்த நாளின் பூஜ்யத்துக்குத் திருப்புகிற கட்டளை ஒன்று உண்டு. அதைப் போட்டால், போட்டவர் பெயரும் காரணமும் அழிக்க முடியாதபடி பதிவாகும். கருவியின் தவறு என்று அவளே எழுதிக் கொடுத்ததாகிவிடும். சங்கரேஸ்வரி ஈரத் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து கணினியைத் திறந்தாள். விரல் குளிரில் மரத்துப்போயிருந்ததால் கடவுச்சொல் இரண்டு முறை தப்பாகப் போயிற்று. காரணம் என்ற இடத்தில், “கருவி பார்க்கத் தவறியது. வடிவமைப்பாளர் தவறு” என்று எழுதினாள்.

நாற்பது கட்டங்களும் ஒரே நேரத்தில் சிவந்தன. அலாரம் அடித்தது.

பெண்கள் கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டு வரிசையாக, பழகிய ஒழுங்கில், ஓடாமல் வெளியேறினார்கள். ஒரு மேசையில்கூட யாரும் எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஜோதிராஜன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முகமூடியை இழுத்துச் சரிசெய்துகொண்டு எதிர்த்திசையில் நடந்தார். குளிர்சாதன ஆள் சாப்பிடப் போயிருக்கிறான், பிரதான வால்வை யாராவது அடைக்கவில்லையென்றால் தெரு முழுவதும் பரவிவிடும் என்றார். அது துணி முகமூடி, பிரயோஜனமில்லை என்று அவள் கத்தினாள். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. உறைவறைக் கதவைத் திறந்ததும் வெள்ளையாக ஏதோ தரையோடு தவழ்ந்து வெளியே வந்தது. அவர் அதற்குள் போனார்.

அவள் வாசல்வரை ஓடி வந்து எண்ணினாள். நூறு, நூற்றிருபது, நூற்று நாற்பது. மூன்று நிமிஷம் கழித்து ஜோதிராஜன் சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்தார். கண்ணைத் திறக்க முடியவில்லை. வால்வை மூடிவிட்டேன் என்று கையால்தான் காட்டினார். குரல் வரவில்லை. டீக்கடையிலிருந்து ஓடி வந்த டெல்சிதான் குழாயைத் திறந்து அவர் முகத்தில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருந்தாள், ஆம்புலன்ஸ் வரும்வரை.

பிறகு தெரிந்தது: வால்வின் கழுத்து, பனிக்கட்டிக்குள் மறைந்தபடி ஏழு மாதமாக அரித்துக்கொண்டு வந்து, அன்றைக்குத்தான் பிளந்திருந்தது.

ஆலை வாசலில், ஈர அங்கியோடு தரையில் உட்கார்ந்து சங்கரேஸ்வரி அடுத்த காரியத்தை யோசித்தாள். இதே பழக்கத்தோடு பதினோரு லட்சம் கண்கள் மாநிலம் முழுவதும் இருக்கின்றன. அதே கட்டளையை எல்லாவற்றுக்கும் அனுப்பலாம். ஆனால் விளக்கு மங்கிய பழைய சென்சார்களெல்லாம் வாயு இல்லாமலே அலாரம் அடிக்கும். எது நிஜம், எது பொய் என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியாது. எந்தப் படிக்கட்டில் யார் விழுவார்கள் என்றும் தெரியாது. டெல்சியிடம் அதை விளக்கிச் சொன்னாள். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

டெல்சி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். “அடிச்சு ஒண்ணுமில்லைன்னா திரும்பி உள்ள போயிருவாவ அக்கா,” என்றாள். “அடிக்காம இருந்தா?”

தீனதயாளன் அவளுடைய அனுமதியை ரத்து செய்வதற்குள் சங்கரேஸ்வரி கட்டளையை அனுப்பினாள். எல்லாத் திரைகளிலும் வரும்படி ஒரு வரியும் சேர்த்தாள்: ஓட வேண்டாம், நடந்து வெளியே வாருங்கள்.

அன்று மாலைக்குள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் அலாரம் அடித்தது. பெரும்பாலானவை வெறும் மங்கிய விளக்குகள். எண்ணூற்றுப் பன்னிரண்டு இடங்களில் நிஜமாகவே வாயு இருந்தது. அவற்றில் மூன்று, பள்ளிக்கூடச் சமையலறைகள். வேறோர் ஊரில் வாயுவே இல்லாத ஒரு குளிர்பதனக் கிடங்கில், மாணிக்கராஜ் என்ற சுமைதூக்கும் தொழிலாளி பயந்து சரிவில் இறங்கி ஓடும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. எண்ணூற்றுப் பன்னிரண்டைப் பற்றி யாராவது பாராட்டும்போதெல்லாம் சங்கரேஸ்வரிக்கு அந்த ஒரு பெயர்தான் முதலில் நினைவுக்கு வந்தது. அவரால் மறுபடி மூட்டை தூக்க முடியாது.

வியாழக்கிழமை அவள் டெல்சிக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னாள். தீர்ப்பாய அதிகாரி கவனமாகக் கேட்டார், இரண்டு இடத்தில் குறிப்பும் எடுத்துக்கொண்டார். ஆனால் சட்டப்படி சம்பவ நாளின் பதிவுதான் இறுதியானது, பின்னால் வந்த அளவை வைத்து முந்தின பதிவைத் திருத்த வழியில்லை என்றார். அன்றைய பதிவு பூஜ்யம். டெல்சி சொன்னது உண்மை என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. வழக்கில் அவள் தோற்றுப்போனாள். சங்கரேஸ்வரிக்கு அடுத்த நாள் வேலை போனது.

மூன்று மாதம் கழித்து ஆலையை மறுபடி திறக்க அனுமதி கிடைத்தது. ஜோதிராஜன் திரும்பி வந்திருந்தார். குரல் கிசுகிசுப்பாகவே நின்றுவிட்டது. அவர்தான் டெல்சியின் வீடு தேடிப் போனார். பதிவேட்டில் பெயர் ஏறியவளைத் தொழிலாளியாகச் சேர்க்கச் சட்டம் விடாது. ஆனால் தினமும் காலையில் முதல் ஆளாக உள்ளே போய் மூக்கால் பார்த்துச் சொல்ல ஒருத்தியை வைத்துக்கொள்ளக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. டெல்சி, ஒரு வாரம் போனால் என் மூக்கும் பழகிவிடும், அப்புறம் நானும் அந்தக் கண்ணு மாதிரிதான் என்றாள். பெண்கள் கூடிப் பேசி ஓர் ஏற்பாடு செய்தார்கள். யாராவது ஒருத்தி எப்போதும் விடுப்பில் இருப்பாள். குறைந்தது நாலு நாள் ஆலைப் பக்கமே வரக் கூடாது. திரும்பி வருகிற அன்றைக்கு அவள்தான் முதலில் உள்ளே போக வேண்டும். யாருக்கு எப்போது முறை என்பதை டெல்சி பார்த்துக்கொண்டாள்.

சென்சார்களுக்கு ஜோதிராஜன் சங்கரேஸ்வரியையே கூப்பிட்டார். அவள் வீட்டு மாடியில் சிறியதாக ஒரு பட்டறை போட்டு, இரண்டாவது கண்ணோடு புதிய சென்சார் செய்ய ஆரம்பித்திருந்தாள். பொத்தான் இப்போது பொத்தானாக இல்லை, தீப்பெட்டி அளவுக்கு வந்துவிட்டது. விலையும் இரண்டு மடங்கு. மூன்று நாள் ஆலையிலேயே கிடந்து நாற்பதையும் மாட்டி முடித்தாள். டெல்சியும் மற்றப் பெண்களும் அந்த மூன்று நாளும் உள்ளேயே நின்று கூடத்தைக் கழுவித் துடைத்தார்கள்.

நான்காம் நாள் காலை. எந்திரங்களை முந்தின நாளே ஓடவிட்டிருந்தார்கள். பெண்கள் வாசலில் வெள்ளை அங்கியோடு நின்றார்கள். திரையில் நாற்பது பூஜ்யம். சங்கரேஸ்வரி கூடம் முழுவதும் நடந்து, உறைவறைக் கதவின் கீழ் குனிந்து மூச்சை ஆழமாக இழுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

“ஒண்ணுமில்ல,” என்றாள்.

டெல்சி கதவை மறித்தபடி நின்றாள். “இல்லையா அக்கா, தெரியலையா?”

சங்கரேஸ்வரி பதில் சொல்லப் போய் நிறுத்தினாள். மூன்று நாளாக அந்தக் கூடத்துக்குள்தான் சாப்பாடு, டீ, எல்லாம். “தெரியல,” என்றாள்.

 இன்றைக்கு முறை சகாயவல்லிக்கு, தங்கச்சி கல்யாணத்துக்காக அஞ்சு நாளாக மணப்பாட்டில் இருக்கிறாள், எட்டு மணி பஸ்ஸில் வருவாள் என்று டெல்சி சொன்னாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஏற்றுமதிக்காரர்கள் இரண்டு முறை போன் செய்தார்கள். ஜோதிராஜன் எடுத்து, தன் கிசுகிசுத்த குரலில், இன்னும் திறக்கவில்லை என்று மட்டும் சொன்னார்.

எட்டே காலுக்கு பஸ் வந்து நின்றது. கையில் பலகாரப் பையோடு இறங்கிய சகாயவல்லி, நூற்று நாற்பது பேரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு கொஞ்சம் மிரண்டுபோனாள். டெல்சி பையை வாங்கிக்கொண்டாள். சகாயவல்லி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். வாசலில் ஒருவரும் அசையவில்லை. ஐந்து நிமிஷம் கழித்து கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, “வாங்கட்டி,” என்றாள்.

எல்லோரும் உள்ளே போனபிறகு சங்கரேஸ்வரி அன்றைய பாதுகாப்புப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தாள். அரசாங்கம் கேட்கிற படிவம், பொய் எழுதினால் தண்டனை உண்டு. அளவு என்ற இடத்தில் பூஜ்யம் என்று எழுதினாள். அளந்த கருவியின் எண் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் சகாயவல்லியின் பெயரை எழுதினாள்.